ஊரார் கூடிப் பயிர்த்தொழில் கற்கும் முறை

முகவுரை

பயிர்த்தொழிலுக்கு வேண்டிய சாதனங்கள் யாவை என்று கேட்டால், நிலம், நீர், விதை, எரு, ஆள், கருவி என்று எண்ணிச் சொல்வது வழக்கம். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொன்றும் உண்டு. அதுவே அறிவு. விதை முளைக்காவிடில் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மடையில் தண்ணீர் வராவிடில் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் ஒரு வயலில் உழைக்கும் பத்துப் பேரில் ஒருவர் கண்டறிந்த விஷயம் மற்ற ஒன்பது பேருக்கும் எட்டாமற் போவதால் உண்டாகும் நஷ்டம் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. மகசூல் குறையும்போது அக்குறையை மழையின்மேலோ மருந்தின்மேலோ விதியின்மேலோ ஏற்றிவிட்டு, அடுத்த பருவத்துக்கு உழவைத் தொடங்கிவிடுகிறோம்.

நகரங்களில் தொழிற்சாலைகளையும் காரியாலயங்களையும் நடத்துவோர், பலர் கூடி வேலை செய்யும் முறையையும், ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் அறியச் செய்யும் முறையையும் ஒரு தனிச் சாஸ்திரமாகவே பயின்று வருகின்றனர். வயலும் ஒரு தொழிற்சாலையே. ஆயினும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. தொழிற்சாலைக்கு எஜமானர் ஒருவர், சுற்றுச்சுவரும் உண்டு. ஒரு வாய்க்காலின் ஆயக்கட்டுக்கோ எஜமானர்கள் நூறு பேர். நடுவே இருப்பது ஒரு முழ வரப்பு மட்டுமே. தண்ணீர் அவ்வரப்பைக் கடந்து செல்லும். பூச்சி அதன்மேல் பறந்து செல்லும். களை விதையும் அப்படியே. அறிவு ஒன்றுதான் வரப்போடு நின்றுவிடுகிறது. ஆகையால் கூடிக் கற்றலும் கூடித் தீர்மானித்தலும் தொழிற்சாலையைக் காட்டிலும் ஆயக்கட்டுக்கு அதிகம் வேண்டியவை என்பது தெளிவு. அதனை நடத்தும் வழி யாது என்பதை இப்பாடத்தில் விவரிப்போம்.

அறிவு தங்கியிருக்கும் இடங்கள்

ஒரு நெல் வயலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விதை எங்கே வாங்கப்பட்டது, உரம் எவ்வளவு இடப்பட்டது என்பவை நிலச்சொந்தக்காரருக்குத் தெரியும். ஆனால் அவர் பயிரைப் பெரும்பாலும் வரப்பின்மேல் நின்றே பார்க்கிறார். களையெடுக்கும் பெண்களோ குனிந்து நின்று, தூரின் அடிப்பாகத்தை ஒரு முழத் தூரத்தில் காண்கின்றனர். தூரில் பூச்சி அண்டியிருப்பதும், சிலந்தி ஓடுவதும், வேர் கறுத்திருப்பதும் முதன்முதல் அவர்கள் கண்ணுக்கே புலப்படும். எந்தக் கண்டம் தண்ணீரைத் தாங்கும், எது மறுநாளே வற்றும் என்பது நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குத் தெரியும். எந்த மருந்து யார் வயலில் எத்தனை தடவை தெளிக்கப்பட்டது என்பது தெளிக்கும் ஆளுக்குத் தெரியும். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர் பல கிராமங்களின் வயல்களையும் காண்பதால், எந்த நெல் சாய்ந்தது, எது நிமிர்ந்து நின்றது என்பதை அறிவார். முன்னொரு வருஷம் வெள்ளம் எதுவரை ஏறிற்று என்பது முதியோர் நினைவில் இருக்கும். எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கும்.

இவ்வளவு அறிவும் ஒரே கிராமத்தில் இருக்கின்றது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இவற்றை ஒன்றுசேர்க்கத் தடையாய் நிற்பவை பெரும்பாலும் நான்கு:

முதலாவது, அந்தஸ்து. கூலியாள் சொல்வதைக் கேட்பது தமக்குத் தாழ்வென நினைப்போர் உளர். கேளாதபோது சொல்லக்கூடாது என்று கூலியாளும் வாளாவிருப்பர்.

இரண்டாவது, பழிக்கு அஞ்சுதல். பயிரில் நோய் கண்டதாகச் சொன்னால், ‘நீ ஏன் முன்பே பார்க்கவில்லை?’ என்ற வசவு வருமாயின், அடுத்த முறை எவரும் வாய் திறவார்.

மூன்றாவது, பொறாமை. தமக்கு நன்றாய் விளைந்த வழியை அண்டை வயற்காரருக்குச் சொன்னால் தமக்கு ஏதோ குறைந்துவிடும் என்னும் எண்ணம்.

நான்காவது, பேசுவதற்கென ஓர் இடமும் நேரமும் இல்லாமை. தேநீர்க் கடையில் பேசப்படுவது விலைவாசியும் தேர்தலுமாக முடிகிறதேயன்றி, பயிரை நேரிற் கண்டு பேசும் பேச்சாக இருப்பதில்லை.

இந்தோனேசியாவில் புகையான் கற்பித்த பாடம்

மேற்கூறிய தடைகளை நீக்கி, குடியானவர்கள் கூடிக் கற்கும் முறையொன்று நெல் விளையும் மற்றொரு தேசமாகிய இந்தோனேசியாவில் உருவாயிற்று. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

அத்தேசத்தில் 1970களில் உயர் விளைச்சல் நெல் வகைகள் பரவின. உரத்தோடு பூச்சிமருந்தும் சர்க்கார் உதவித்தொகையால் மிக மலிவாகக் கிடைத்தது. மருந்து மலிவாய் இருந்தமையால், பூச்சி இருந்தாலும் இல்லாவிடினும் நாட்கணக்கு வைத்துத் தெளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதே காலத்தில் புகையான் என்னும் பூச்சி பெருகி ஏராளமான நெற்பயிரை நாசம் செய்தது. இப்பூச்சி தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாக மஞ்சளித்து, பின் புகைந்ததுபோற் கருகிச் சாயும். எதிர்ப்புச் சக்தியுள்ள ஐ.ஆர்.36 போன்ற வகைகள் பரவியபின் சேதம் தணிந்தது. 1984ஆம் ஆண்டில் அத்தேசம் அரிசியில் தன்னிறைவு பெற்றது. ஆயினும் 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் புகையான் மறுபடியும் பெருகிற்று.

மருந்து தெளித்தும் பூச்சி பெருகியதன் காரணத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது உண்மை வெளியாயிற்று. புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும் சிறு நாவாய்ப் பூச்சிகளும் வயலில் இயற்கையாகவே உள்ளன. தெளித்த மருந்து இவற்றைக் கொன்றது. புகையானின் முட்டைகளோ இலையுறையின் திசுக்களுக்குள் இருப்பதால் தப்பின. அவை பொரித்தபோது தின்பாரில்லாத வயலில் தடையின்றிப் பெருகின. பயந்து மீண்டும் தெளித்தனர், மீண்டும் பெருகிற்று. காவற்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடிய கதையாக முடிந்தது.

ஆகவே 1986ஆம் ஆண்டில் அத்தேசத்து ஜனாதிபதியின் உத்தரவினால், நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. மருந்துக்கான உதவித்தொகையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நீக்கப்பட்டது. இதனால் நெல் விளைச்சல் குன்றிவிடவில்லை. ஆனால் தடை உத்தரவு மருந்தை நிறுத்துமேயன்றி அறிவைத் தராது. தன் வயலில் நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்வது எது என்பதைக் குடியானவரே அறிந்தாலொழியப் பழைய வழக்கம் திரும்பிவிடும். இதற்காக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு 1989ஆம் ஆண்டில் ஜாவாவில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. 1990களின் இறுதிக்குள் சுமார் பத்து லட்சம் குடியானவர்கள் அவற்றிற் பயின்றனர். பிற்பாடு இம்முறை பல கண்டங்களுக்கும் பரவிற்று. தமிழ்நாட்டிலும் பண்ணைப் பள்ளி, உழவர் வயல்வெளிப் பள்ளி என்னும் பெயர்களால் இது நடைபெற்று வந்திருப்பதை வாசகர்கள் அறிவர்.

வயல்வெளிப் பள்ளி நடக்கும் விதம்

இப்பள்ளிக்குக் கட்டிடம் இல்லை. வயலே பள்ளி, பயிரே புத்தகம். சுமார் 25 பேர் சேர்ந்து, நடவு முதல் அறுவடை வரையில் வாரம் ஒருமுறை காலையில் கூடுவர். ஐந்தைந்து பேராகப் பிரிந்து ஒவ்வொரு குழுவும் வயலில் இறங்கும். சில தூர்களைத் தேர்ந்து, தூர் ஒன்றுக்குச் சிம்புகள் எத்தனை, தீமை செய்யும் பூச்சிகள் எத்தனை, நன்மை செய்வன எத்தனை, தண்ணீர் எவ்வளவு, களை எவ்வளவு என்று எண்ணும்.

பின் மரநிழலில் அமர்ந்து, கண்டவற்றை ஒரு பெரிய தாளில் படமாக வரைவர். நடுவே பயிர், ஒரு புறம் பகைப் பூச்சிகள், மறு புறம் நட்புப் பூச்சிகள், மேலே அன்றைய வெயிலோ மேகமோ. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படம் வரைவதிற் பங்கு கொள்ள இயலும் என்பது இதன் பெருஞ்சிறப்பு. வரைந்தபின் ஐந்து பேரும் கலந்து பேசி, இந்த வாரம் செய்ய வேண்டுவது யாது என்று தீர்மானிப்பர். குழுவில் ஒருவர் எழுந்து அத்தீர்மானத்தையும் காரணத்தையும் எல்லோர் முன்னும் சொல்வார்; மற்றக் குழுவினர் கேள்வி கேட்பர். சொல்பவர் வாரந்தோறும் மாறுவர்.

இரண்டு கண்டங்கள் பரீட்சைக்கென வைக்கப்படும். ஒன்றில் வழக்கப்படி சாகுபடி. மற்றொன்றில் குழுவின் தீர்மானப்படி சாகுபடி. எது மேலென்று வாயால் வாதாடாமல், அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அளந்து முடிவு காண்பர். சிலந்தி புகையானைத் தின்னுமா என்று ஐயுறுவோர், ஒரு தொட்டியில் நெல் தூரை நட்டு வலை மூடி, எண்ணிய புகையான்களோடு சிலந்தியை விட்டு, மறுநாள் காலையில் எண்ணிப் பார்ப்பர்.

பள்ளியை நடத்துபவர் பிரசங்கம் செய்வதில்லை. ‘இது என்ன பூச்சி?’ என்று கேட்பவரிடம், ‘எங்கே கண்டீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?’ என்று திருப்பிக் கேட்பார். இவ்வாறு கேட்பதால் விடை கேட்டவரின் கண்ணிலிருந்தே பிறக்கிறது. பிறர் சொல்லக் கேட்டது மறக்கும். தானே எண்ணிக் கண்டது மறவாது.

ஓர் உதாரணக் கணக்கு

கூடி எண்ணுவதன் பயனைப் பின்வரும் உதாரணத்தால் அறியலாம். புகையானுக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. தூர் ஒன்றுக்கு ஒரு சிலந்தியேனும் இருக்குமாயின், சிம்பு ஒன்றுக்கு 2 புகையான் வரும்வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையாயின், சிம்பு ஒன்றுக்கு 1 புகையான் வந்தபோதே நடவடிக்கை எடுத்தல் வேண்டும்.

முதற் குழுவின் ஐந்து பேரும் ஆளுக்கு 2 தூர்களாக 10 தூர்களைப் பார்த்தனர் என்று வைத்துக்கொள்வோம். சிம்புகள் 200, புகையான்கள் 260, சிலந்திகள் 12. சிம்புக்கு 1.3 புகையான், தூருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிலந்தி. ஆகையால் மருந்து வேண்டுவதில்லை. சில நாளில் மறுபடியும் எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டாவது குழு வேறொரு கண்டத்தில் 10 தூர்களைப் பார்த்தது. அங்கும் சிம்புகள் 200, புகையான்கள் 260. ஆனால் சிலந்திகள் 2 மட்டுமே. அங்கே உடனே நடவடிக்கை வேண்டும்.

இரண்டு கண்டங்களிலும் புகையான் எண்ணிக்கை ஒன்றே, தீர்மானமோ வேறு. புகையானை மட்டும் எண்ணுபவர் முதற் கண்டத்தில் வீணாகத் தெளித்து, உள்ள சிலந்திகளையும் கொன்றிருப்பார். சிலந்தியைக் கண்டவர் களையெடுத்த பெண்ணாக இருந்து, அவரை எவரும் கேளாமல் விட்டிருந்தால், அந்த 12 சிலந்திகளும் கணக்கில் ஏறியிரா. ஒருவர் வாய் திறவாமையால் ஒரு வயல் அழியக்கூடும் என்பதை இதனால் உணரலாம். கடன் வாங்கிக் குத்தகைக்கு உழும் சிறு குடியானவருக்கு ஒரு போகத்தின் அழிவு என்பது ஓர் ஆண்டின் ஜீவனம் அழிவதாகும்.

அஃதன்றியும், நடவடிக்கை என்பது மருந்து மட்டுமன்று. தேங்கிய நீரை வடித்தல், தழைச்சத்து உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் பகுத்திடுதல், நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டுக் காற்றும் வெயிலும் தூரிற் படச் செய்தல், பூச்சியை மறுபடியும் பெருக்கும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை விலக்குதல் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் எதுவும் ஒருவர் தனித்துச் செய்து முழுப்பயன் பெறத்தக்கதன்று. மேல் வயற்காரர் நீரை வடித்தால் அது கீழ் வயலில் சேரும். ஆகவே இருவரும் பேசியே நாள் குறிக்க வேண்டும். பட்டம் விட வேண்டுமானால், நடவு செய்யும் பெண்களுக்கு அதன் காரணம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அண்டை வயலில் பூச்சி பெருகினால் அது நம் வயலுக்கும் பறந்து வரும்.

முறையிற் கண்ட குறை

எம்முறையும் குறையற்றதன்று. இந்தோனேசியாவின் வயல்வெளிப் பள்ளிகளைப் பற்றி உலக வங்கியைச் சேர்ந்த பொருளாதார நிபுணர்கள் செய்த ஆராய்ச்சி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பள்ளியில் நேரிற் பயின்றவர்களின் அறிவு ஓரளவு வளர்ந்தது என்றும், ஆனால் அதே கிராமத்தில் பயிலாத மற்றவர்களுக்கு அவ்வறிவு குறிப்பிடத்தக்க அளவிற் பரவவில்லை என்றும் அதிற் கண்டனர்.

நம் தேசத்திலும் இதையொத்த அநுபவம் உண்டு. 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்துச் சம்பல் பாசனப் பிரதேசத்தில் தொடங்கிப் பின் பல ராஜ்யங்களுக்கும் பரவிய ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்னும் திட்டத்தில், ஊருக்குச் சிலரைத் தொடர்பு விவசாயிகளாகத் தெரிந்தெடுத்து அவர்களுக்குக் கற்பித்தனர். அவர்களிடமிருந்து மற்றவர்கள் தாமே கற்றுக்கொள்வர் என்பது எதிர்பார்ப்பு. பல இடங்களில் அறிவு தொடர்பு விவசாயியின் வாயிற்படியோடு நின்றுவிட்டது.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், அறிவு தானாகப் பரவும் என்று நம்பியிருத்தல் தகாது. ஏரி நிறைந்திருப்பதனால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடாது. வாய்க்கால் வெட்ட வேண்டும். ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். முறை வைத்துத் திறக்க வேண்டும். அறிவுக்கும் இவை மூன்றும் வேண்டும்.

நம் கிராமங்களிற் செய்யத்தக்கவை

1. குழு அமைத்தல். ஒரு மடையின் அல்லது ஒரு கிளை வாய்க்காலின் கீழ் உள்ளவர்கள் 20 முதல் 25 பேர் வரை சேர்ந்தால் போதும். நிலச்சொந்தக்காரர்கள் மட்டுமன்றி, குத்தகைதாரர், நீர்க்கட்டி, மருந்து தெளிப்பவர், நடவும் களையும் செய்யும் பெண்களில் சிலர் ஆகியோரும் அவசியம் இருத்தல் வேண்டும். கூலிக்கு உழைப்போர் கூட்டத்துக்கு வரும் நேரத்துக்கு உரிய கூலியைக் குழுவே கொடுப்பது நியாயம்.

2. நாளும் நேரமும் இடமும் மாறாமை. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், வயலருகே ஒரே மரநிழல் என்று வைத்துக்கொள்ளுதல் நலம். அழைப்பு அனுப்பிக் கூட்டும் கூட்டம் நிலைப்பதில்லை. வழக்கமாய்ப் போன கூட்டமே நிலைக்கும்.

3. கண்டபின் பேசுதல். வயலில் இறங்கி எண்ணாதவர் அன்று கருத்துச் சொல்லாதிருப்பது முறை.

4. பேசும் வரிசை. வேலையாட்களும் இளைஞரும் முதலிற் பேச வேண்டும். பெரிய நிலச்சொந்தக்காரர் கடைசியிற் பேச வேண்டும். ஊரிற் பெரியவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்கு மாறாகக் கண்டவர்கள் மௌனமாகிவிடுவர். பெரியவருக்கு இதனால் குறைவில்லை. எல்லோரும் கண்டதைக் கேட்டபின் பேசுபவரின் சொல்லுக்கே மதிப்பு மிகுதி.

5. வயல் நோட்டு. தேதி, சர்வே நம்பர், நெல் வகை, நட்ட நாள், கண்டவை, தீர்மானம், அதன் விளைவு என ஏழு பத்திகள் வைத்து ஒரு நோட்டு எழுதி வர வேண்டும். ‘விளைவு’ என்னும் பத்தியைக் காலியாக விடாதிருத்தல் மிக முக்கியம். இந்நோட்டு ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டப்படாமல், எல்லோரும் பார்க்கத்தக்க பொது இடத்தில் இருத்தல் வேண்டும்.

6. தவறியதையும் எழுதுதல். பலித்ததை மட்டும் எழுதிய நோட்டு பாதி நோட்டே. ஓர் ஏற்பாடு பலிக்காதபோது யார் செய்தது என்று விசாரியாமல், ஏன் பலிக்கவில்லை என்று விசாரிக்க வேண்டும். அடுத்த பருவத்தில் மற்றொருவர் அதே நஷ்டத்தை அடையாமற் காப்பது அந்த ஒரு வரியே.

7. பரீட்சைக் கண்டமும் ஈட்டு நிதியும். புதிய வகையையோ முறையையோ முதலில் 10 சென்ட்டில் மட்டும் செய்து பார்க்க வேண்டும். பக்கத்தில் பழைய முறையும் அதே அளவில் இருக்க வேண்டும். நஷ்டம் வருமோ என்று நிலம் கொடுப்பவர் அஞ்சுவாராயின் அதற்கும் வழி உண்டு. 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்து டெரல் என்னும் ஊரில், சீமன் நாப் என்பவரின் யோசனைப்படி வால்டர் போர்ட்டர் என்னும் குடியானவர் தம் நிலத்திலேயே புதிய முறைகளைச் செய்து காட்டினார். நஷ்டமானால் ஈடு கொடுப்பதற்கென ஊரார் முன்னதாகவே நிதி திரட்டி வைத்தனர். அவருக்கு லாபமே கிடைத்தமையால் நிதியைத் தொட நேரவில்லை. விவசாய இலாகாக்களின் செய்துகாட்டும் முறைக்கு அது ஒரு முன்மாதிரியாயிற்று. பலரும் கற்பதற்காக ஒருவர் ஏற்கும் அபாயத்தைப் பலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து.

8. ஒருவருக்கு இருவர். மேற்கூறிய ‘பரவாமை’ என்னும் குறைக்கு இதுவே வாய்க்கால். குழுவின் ஒவ்வோர் அங்கத்தினரும் குழுவிற் சேராத இரண்டு அண்டை வயற்காரரைத் தம் பொறுப்பில் ஏற்று, மாதம் ஒருமுறை அவர்கள் வயலிலேயே அவர்களோடு இறங்கி எண்ண வேண்டும். 25 பேர் இவ்வாறு செய்தால் 75 பேர் ஆயக்கட்டை அறிவர். அந்த இருவரின் வயற்குறிப்பும் நோட்டில் ஏற வேண்டும்.

9. கைப்பேசி. வாட்ஸ்அப் முதலிய வசதிகள் வாரக் கூட்டங்களுக்கு இடையே செய்தி சொல்லப் பெரிதும் உதவும். ஆயினும் படம் அனுப்புவோர் சர்வே நம்பர், பயிரின் வயது, எண்ணிய தொகை ஆகிய மூன்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். எங்கிருந்தோ வந்த மருந்துக் குறிப்புகளைச் சோதியாமற் பரப்புதல் கூடாது. செய்தி கைப்பேசியில் வரலாம். தீர்மானம் வயலிலேயே செய்யப்பட வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்குச் சில வார்த்தைகள்

கிராம நிர்வாக அலுவலரும், உதவி வேளாண்மை அலுவலரும், பஞ்சாயத்துத் தலைவரும் இம்முயற்சிக்குத் தரக்கூடிய உதவி பெரிது. ஆயக்கட்டின் வரைபடத்தைப் பெரிதாக எழுதிப் பொது இடத்தில் வைப்பித்தால், எந்தக் கண்டத்தில் எந்த வகை எப்போது நடப்பட்டது என்பதைக் குழுவினர் அதிற் குறித்து வரலாம். அடங்கல் எழுதச் செல்லும்போது, நெல் வகையையும் நட்ட வாரத்தையும் விசாரித்துக் குழுவின் நோட்டோடு ஒத்துப் பார்த்தால் இரண்டு கணக்கும் திருந்தும். வெள்ளத்தாலோ பூச்சியாலோ சேதம் உண்டான காலத்தில், தேதியோடு எழுதப்பட்ட குறிப்புகள் சேதத்தை எடுத்துச் சொல்வதற்கும் துணையாகும்.

ஆனால் ஒரு விஷயத்தில் உத்தியோகஸ்தர்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். குழுவுக்குத் தலைமை வகிக்க முற்படலாகாது. உத்தியோகஸ்தர் தலைமை வகித்தால் கூட்டம் மனுக் கொடுக்கும் இடமாக மாறிவிடும். அவர் மாற்றலாகிப் போனால் கூட்டமும் அவரோடு போய்விடும். ஓரமாய் அமர்ந்து கேட்பவராகவும், கேட்டபோது தெரிந்ததைச் சொல்பவராகவும் இருப்பதே உத்தமம். கட்சி, ஜாதி வேற்றுமைகள் கூட்டத்துள் நுழையாதபடி காப்பதும் அவர்கள் கடமையாகும். ஒரே பாயில் எல்லோரும் சமமாக அமராத இடத்தில் உண்மை வெளிவராது.

சில ஆட்சேபங்களும் சமாதானங்களும்

‘இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்பர் சிலர். வாரம் 2 மணி வீதம் 12 வாரத்துக்கு 24 மணி. அதாவது போகம் ஒன்றுக்கு மூன்று நாள் வேலை. தேவையற்ற மருந்துத் தெளிப்பு ஒன்று நின்றாலும் மருந்தின் விலையும், தெளிக்கும் கூலியும், தெளிப்பவரின் உடல்நலமும் மிச்சமாகும்.

‘நான் அறிந்ததைச் சொன்னால் அண்டை வீட்டுக்காரர் என்னைவிட அதிகம் விளைவிப்பாரே’ என்பர் வேறு சிலர். அவர் வயலில் பூச்சி பெருகினால் அது முதலில் வருவது நம் வயலுக்கே. அவர் பயிர் சுகமாய் இருத்தல் நமக்கு வேலி போன்றது. மேலும் நாம் ஒன்று சொன்னால், மற்ற 24 பேரும் நமக்கு ஒவ்வொன்று சொல்வர்; கொடுத்தது ஒன்று, பெற்றது பல.

‘எங்கள் ஊரில் ஒற்றுமை இல்லை; முதலில் அது வரட்டும்’ என்பாரும் உளர். ஒற்றுமை வந்தபின் கூடுவோம் என்பது நீந்தக் கற்றபின் குளத்தில் இறங்குவோம் என்பதை ஒக்கும். பெரிய விஷயங்களில் மனவேற்றுமை உள்ளவர்களும் ஒரு தூரில் சிலந்தி எத்தனை என்பதில் வேறுபட இயலாது; இருவரும் சேர்ந்து எண்ணினால் விடை ஒன்றே. இத்தகைய சிறு உடன்பாடுகளிலிருந்தே பெரிய உடன்பாடு வளரும்.

இப்பருவத்தில் தொடங்க வேண்டுவன

நாற்று விடுவதற்கு முன் குழுவைச் சேர்த்துக் கூட்ட நாளைக் குறித்துக்கொள்க. நாற்றங்கால் போடும் வாரத்தையும் நெல் வகையையும் மடைக்கு மடை கலந்து பேசி, கூடிய மட்டில் ஒரே சமயத்தில் நடவு முடியும்படி ஏற்பாடு செய்க. நடவுக்கு முதல் நாள், பட்டம் விடும் காரணத்தை நடவாட்களுக்குச் சொல்லுக. நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து வாரந்தோறும் 10 தூர்களை எண்ணி நோட்டில் எழுதுக. பூக்கும் தறுவாயில் அண்டை மடைக் குழுவினரை அழைத்துப் பரீட்சைக் கண்டங்களைக் காட்டுக. அறுவடையில் இரண்டு கண்டங்களையும் தனித்தனியே நிறுத்து, நிறையை எல்லோர் முன்னும் படித்து, நோட்டின் கடைசிப் பத்தியை நிரப்புக.

இவ்வாறு ஒரு போகம் நடத்தி முடித்த கிராமத்தில் அடுத்த போகத்துக்கு விதைநெல்லோடு வயல் நோட்டும் தயாராக இருக்கும். விதைநெல்லைப் பத்திரப்படுத்துவதுபோலவே அதனையும் பத்திரப்படுத்தி, கேட்பவருக்கெல்லாம் கொடுத்து உதவுவார்களாக. விதைநெல் கொடுக்கக் குறையும். இதுவோ கொடுக்கக் கொடுக்கப் பெருகும்.